கத்தினா மட்டும் கேட்டுடுமா? கொல்லிமலையும் செல்போனின் சத்தக் கணக்கும்

கொல்லிமலைக்குப் போயிட்டு வந்தவங்க ரெண்டு விஷயம் தவறாம சொல்வாங்க. ஒண்ணு, காரவள்ளிக்கு மேல ஆரம்பிக்கிற 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொண்ணு, "காலையில ஃபுல் சார்ஜோட ஏறினேன், மத்தியானத்துக்குள்ள போன் செத்துப்போச்சு". வளைவுகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. இந்தக் குறிப்பு இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

"டவர் தேடித் தேடி சார்ஜ் போயிடுது" என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னன்னா, டவர் கிடைச்ச பிறகும் போன் தன்னோட முழு சக்தியில் கத்திக்கிட்டு இருக்கு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் முணுமுணுத்தாலே வேலை முடியும் இடத்தில், மலையில் தொண்டை கிழியக் கத்தணும். எவ்வளவு சத்தமாகப் பேசணும் என்பதை யார் முடிவு செய்றாங்க? போனா, டவரா, இல்ல கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் ஒரு இன்ஜினியரா? மூணு பேருக்கும் பங்கு உண்டு. இதற்குத்தான் 'ஆற்றல் கட்டுப்பாடு', பவர் கன்ட்ரோல், என்று பெயர்.

பேட்டரி இதில் சின்ன விஷயம். ஒரு மலைக் கிராமத்தில் இருந்து 108க்குப் போன் போகுமா, பள்ளிக்கூடப் பையன் போட்டோ எடுத்து அனுப்பின வீட்டுப்பாடம் போய்ச் சேருமா, "எங்க ஊருக்குள்ள டவர் வேண்டாம், கதிர்வீச்சு" என்று சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கு என்று எல்லாமே இந்தக் கணக்கில்தான் வந்து நிற்குது.

முதலில் கொஞ்சம் டெசிபெல்

வானொலி அலை விஷயத்தில் எண்கள் பயங்கரமாக ஏறி இறங்கும். அதனால் மடங்குகளை டெசிபெல்லில், சுருக்கமாக டிபியில், சொல்வது வழக்கம். ரெண்டே விதி ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்: 3 டிபி கூடினா ரெண்டு மடங்கு, 10 டிபி கூடினா பத்து மடங்கு. 20 டிபி என்றால் நூறு மடங்கு, 30 டிபி என்றால் ஆயிரம் மடங்கு. ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்துக்கொண்டு அளந்தால் அது டிபிஎம்.

பழைய 2ஜி போன், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதிகபட்சம் 2 வாட் வரை அனுப்பும். அதாவது 33 டிபிஎம். 1800 மெகாஹெர்ட்ஸில் 1 வாட். இன்றைய சாதாரண 4ஜி போனுக்கு உச்சவரம்பு 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். கீழ்ப்பக்கம் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 40 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. முணுமுணுப்புக்கும் கத்தலுக்கும் 63 டிபி வித்தியாசம். மடங்கில் சொன்னா ஏறக்குறைய 20 லட்சம்! நம்ம தொண்டையில் இவ்வளவு பெரிய வால்யூம் பட்டன் கிடையாது.

இன்னொரு பக்கம், வழியில் எவ்வளவு தொலையுது என்ற கணக்கு. எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில், 900 மெகாஹெர்ட்ஸ் அலை 1 கிலோமீட்டர் போவதற்குள் சுமார் 91.5 டிபி இழக்கும். 10 கிலோமீட்டரில் 111.5 டிபி. தூரம் ரெண்டு மடங்கானா 6 டிபி, பத்து மடங்கானா 20 டிபி. ஆனா இது வெட்டவெளிக் கணக்கு. வீடு, மரம், மேடு பள்ளம் இருக்கிற நிலத்தில் தூரம் பத்து மடங்கானா 40 டிபி வரைக்கும் போகலாம்.

மலை என்ன செய்யுது?

கொல்லிமலை ஒரே கூம்பு மாதிரி நிற்கிற மலை இல்ல. சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மேலே போனதும் மறுபடி மேடும் பள்ளமுமா விரியும் நிலம். செம்மேடு, சோளக்காடு மாதிரி ஊர்கள் ஒருபக்கம். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 'நாடு' என்ற பெயரோடு இருக்கும் ஊராட்சிகளில், சரிவுகளுக்குள்ளும் பள்ளத்தாக்குகளுக்குள்ளும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் மறுபக்கம்.

நடுவில் ஒரு முகடு வந்தா அலை அதன் விளிம்பில் பட்டு, கொஞ்சம் வளைந்து, மறுபக்கம் இறங்கும். முகட்டின் உச்சி நேர்க்கோட்டைச் சரியாகத் தொட்டாலே 6 டிபி போச்சு. அதாவது நாலில் ஒரு பங்குதான் மிச்சம். முகட்டின் நிழலுக்குள் நல்லா இறங்கிட்டா 20, 30 டிபி என்று கூடிக்கிட்டே போகும். அறப்பளீஸ்வரர் கோயிலில் இருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போறவங்க, போனைக் கையில் வெச்சுக்கிட்டே இறங்கிப் பாருங்க. சிக்னல் கோடுகள் ஒவ்வொண்ணா உதிர்வது தெரியும். தூரம் ஒண்ணும் பெரிசா கூடலை, நீங்க நிழலுக்குள்ள போறீங்க, அவ்வளவுதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அந்தக் கோடுகள் சொல்வது, டவர் பேசுவது நமக்குக் கேட்குதா என்பதை மட்டும்தான். நாம பேசுவது டவருக்குக் கேட்குதா என்று அது சொல்லாது. டவர் பொதுவாக 20 முதல் 40 வாட் வரை அனுப்பும். உங்க 4ஜி போன் 0.2 வாட். நூறு முதல் இருநூறு மடங்கு வித்தியாசம். டவரில் இருக்கும் நல்ல ரிசீவர் இதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், முழுசா இல்ல. "ரெண்டு கோடு இருக்கு, ஆனா கால் போக மாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மைக் வெச்சுப் பேசுறவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். கடைசி வரிசைக்காரர் எழுந்து கேள்வி கேட்டா மேடைக்குக் கேட்காது.

எல்லாரும் ஏன் எப்பவும் சத்தமா பேசக்கூடாது?

சரி, அப்போ எல்லாப் போனையும் எப்பவும் 200 மில்லிவாட்டில் ஓடவிட்டா என்ன? பேட்டரி போகும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேற.

சோளக்காடு சந்தையை நினைச்சுக்குங்க. பலாப்பழம், வாழைத்தார், மிளகு என்று ஆளாளுக்கு விலை பேசுறாங்க. பக்கத்துக் கடைக்காரர் சத்தம் போட ஆரம்பிச்சா, உங்க வியாபாரிக்குக் கேட்கணும்னு நீங்களும் சத்தத்தைக் கூட்டுவீங்க. அதைக் கேட்டு அவர் இன்னும் கூட்டுவார். பத்து நிமிஷத்தில் மொத்தச் சந்தையும் கத்தும், யாருக்கும் முன்னைவிட நல்லாக் கேட்காது. ரேடியோவில் முக்கியம், நம்ம சத்தம் எவ்வளவு என்பது இல்ல. நம்ம சத்தத்துக்கும் மற்றவங்க சத்தம், இயற்கை இரைச்சல் ரெண்டும் சேர்ந்ததுக்கும் உள்ள விகிதம்தான். என் சிக்னல் பக்கத்துல இருக்கிறவருக்கு இரைச்சல்.

கோடை பண்பலை மாதிரி வானொலி நிலையத்துக்கு இந்தத் தொல்லை இல்ல. ஒருத்தர் பேசுறார், மற்ற எல்லாரும் கேட்கிறாங்க. சத்தத்தை ஒரே அளவில் வெச்சுட்டுப் போயிடலாம். செல்போனில் எல்லாரும் பேசுறாங்க, அதான் சிக்கல்.

2ஜி காலத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஜிஎஸ்எம் முறையில் ஒரு டவருக்குள் ஆளாளுக்குத் தனித்தனி நேரத் துண்டு கொடுத்துடுவாங்க. டவர் சுமார் அரை நொடிக்கு ஒரு முறை (480 மில்லி நொடி) "கூட்டு, குறை" என்று 2 டிபி படிகளில் ஆணை அனுப்பும். நாற்பதைத் தாண்டினவங்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும்: நோக்கியா 1100ஐ ரேடியோ, டிவி பக்கத்தில் வெச்சா, மணி அடிப்பதற்கு முன்னாடியே "டர்ர் டர்ர்... டர்ர் டர்ர்" என்று ஸ்பீக்கர் கத்தும். நொடிக்கு 217 முறை போன் அலையை விட்டு விட்டு அனுப்பின சத்தம் அது. முதல் முறை டவரைக் கூப்பிடும்போது, எவ்வளவு சத்தம் போதும் என்று போனுக்குத் தெரியாது. அதனால் அனுமதிக்கப்பட்ட உச்சத்தில் கூப்பிடும். பேச ஆரம்பிச்சு, டவர் பக்கத்தில்தான் இருக்கு என்று தெரிஞ்சதும், ஆணைப்படி குறைச்சுக்கும். சிக்னல் நல்லா இருக்கும் வீட்டில் அந்த 'டர்ர்' கொஞ்ச நேரத்தில் தேய்ந்து போகும். மோசமான இடத்தில் பேசி முடிக்கும் வரை போகாது. பவர் கன்ட்ரோலைக் காதால் கேட்க முடிஞ்ச கடைசித் தலைமுறை நாமதான்!

அடுத்து வந்த சிடிஎம்ஏ முறையில் விளையாட்டே மாறிடுச்சு. நம்ம ஊரில் 2003 வாக்கில் ரிலையன்ஸ் கொண்டுவந்த போன்கள் இந்த வகை. இதில் எல்லாரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசுவாங்க. ஆளுக்கு ஒரு ரகசியக் குறியீடு. அந்தக் குறியீட்டை வெச்சு டவர் பிரிச்சுக் கேட்கும். கேட்க அழகா இருக்கு, ஆனா ஒரு ஓட்டை. ஒருத்தர் டவரில் இருந்து 100 மீட்டரில், இன்னொருத்தர் 3 கிலோமீட்டரில். தூரம் 30 மடங்கு. அலை தூரத்தின் நாலாம் அடுக்குப்படி தேயுதுன்னு வெச்சா, பக்கத்துக்காரர் சிக்னல் தூரத்துக்காரரைவிட 8 லட்சத்து 10 ஆயிரம் மடங்கு பலமா வந்து சேரும். எந்தக் குறியீட்டாலும் அதைப் பிரிக்க முடியாது. இதற்குப் பெயர் 'பக்கம்-தூரம்' பிரச்சினை. ரொம்ப காலம் "சிடிஎம்ஏ செல்போனுக்கு லாயக்கில்ல" என்று சந்தேகப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

குவால்காம் செய்த தீர்வு, நொடிக்கு 800 முறை ஆணை. டவர் ஒவ்வொரு போனிடமும் நொடிக்கு 800 தடவை "கூட்டு" அல்லது "குறை" என்று ஒரே ஒரு பிட் அனுப்பும். எல்லாருடைய குரலும் டவருக்கு வந்து சேரும்போது ஒரே மட்டத்தில் இருக்கணும், அதுதான் குறி. 3ஜியில் அது நொடிக்கு 1500 ஆனது. ஒரு தொழில்நுட்பம் மொத்தமும் இந்த ஒரு பிட் மேல நின்னுச்சுன்னா பாருங்க.

யாரும் தலைமை தாங்காமலே சமாதானம்

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. லட்சம் போன்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் எவ்வளவு ஆற்றலில் பேசணும் என்று மேலே இருந்து ஒரு பெரிய கம்ப்யூட்டர் கணக்குப் போடணுமா? தேவையில்லை என்று 1993ல் பெல் லேப்ஸைச் சேர்ந்த ஜெரார்ட் ஃபோஷினி, ஜோரான் மில்ஜானிக் இருவரும் காட்டினாங்க. ஒவ்வொரு போனும் தன் வேலையை மட்டும் பார்த்தா போதும். விதி ஒரே வரி:

புதிய ஆற்றல் = பழைய ஆற்றல் × (தேவையான விகிதம் ÷ இப்போ கிடைக்கிற விகிதம்)

ரெண்டு மடங்கு தெளிவு தேவைப்பட்டா ஆற்றலை ரெண்டு மடங்காக்கு. தேவைக்கு மேல் கிடைச்சா அந்த அளவு குறை. பக்கத்தில் யார் என்ன செய்றாங்க என்று தெரிய வேண்டாம்.

சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெண்டு போன்கள். ஒவ்வொண்ணும் தன் டவருக்கு முழுசாக் கேட்கும், மற்றவர் டவரில் ஐந்தில் ஒரு பங்கு கசியும். இரைச்சல் அளவு 1. இரண்டு பேருக்கும் தேவையான விகிதம் 2. அப்போ ஒவ்வொருவரும் வைக்க வேண்டிய ஆற்றல், 2 × (மற்றவர் ஆற்றலில் 0.2 பங்கு + 1). இருவரும் 1ல் தொடங்கினா அடுத்த சுற்றில் 2.4, பிறகு 2.96, 3.18, 3.27 என்று போய் 3.33ல் நின்னுடும். அதற்கு மேல் ஏறாது. அந்த 3.33தான் இருவருக்கும் வேலை நடக்கக்கூடிய மிகக் குறைந்த ஆற்றலும்கூட. பேராசை இல்லாத விதி, தானாகவே சிக்கனமான இடத்தில் போய் நிற்குது.

இப்போ ரெண்டு பேரும் பேராசைப்பட்டு விகிதம் 6 வேணும் என்று கேட்கட்டும். அதே 1ல் தொடங்கினா 7.2, 14.64, 23.57, 34.28... நிற்கவே நிற்காது. சந்தைக் கூச்சல் இதுதான். நிஜத்தில் போனுக்கு உச்சவரம்பு இருப்பதால் ரெண்டும் உச்சத்தில் போய் முட்டிக்கிட்டு நிற்கும். பேட்டரி காலி, தேவையான தெளிவும் கிடைக்காது. இந்த நிலைமையில் எந்த அல்காரிதமும் உதவாது. ஒண்ணு, யாராவது ஒருத்தர் வரிசையை விட்டு விலகணும். இல்ல எல்லாரும் கொஞ்சம் மெதுவான வேகத்துக்குச் சம்மதிக்கணும். கணிதம் இங்கே வந்து கையை விரிச்சிடுது. அதுக்கப்புறம் நடப்பது பங்கீடு.

போன்கள் ஒவ்வொண்ணும் சுயநலமா முடிவெடுத்தா என்ன ஆகும் என்றும் ஆராய்ந்திருக்காங்க. 2002ல் வந்த ஒரு கட்டுரையில் சாரய்தார், நாராயண் மாண்டயம், டேவிட் குட்மன் மூவரும் விளையாட்டுக் கோட்பாட்டை வெச்சுக் காட்டியது: எல்லாரும் தன் பேட்டரிக்கு அதிகபட்ச லாபம் என்று மட்டும் பார்த்தா, எல்லாரும் தேவையைவிட அதிக ஆற்றலில் போய் நிற்பாங்க. ஆற்றலுக்கு ஒரு 'விலை' வெச்சா எல்லாருக்குமே நிலைமை மேம்படும். ஊர் ஏரித் தண்ணிக்கு முறை வெச்சு மடை திறக்கிற மாதிரிதான்.

0.8 என்ற எண்ணில் ஒளிந்திருக்கும் அரசியல்

4ஜிக்கு வருவோம். இதில் போன் முதலில் தானே கணக்குப் போடும். டவர் "நான் இவ்வளவு ஆற்றலில் பேசுறேன்" என்று அறிவிக்கும். எனக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்த்து, வழியில் தொலைந்தது எவ்வளவு என்று போன் கண்டுபிடிக்கும். பிறகு ஆற்றலை இப்படி வைக்கும்:

ஆற்றல் = அடிப்படை அளவு + ஆல்பா × வழியிழப்பு

இதோடு அலைவரிசைத் துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரு கூடுதலும், டவர் அனுப்பும் சின்னத் திருத்தங்களும் உண்டு. அதை விடுங்க. நம்ம கண் அந்த ஆல்பா மேல. அது 0 முதல் 1 வரை, தரநிலை அனுமதிக்கிற எட்டு மதிப்புகளில் ஒண்ணு: 0, 0.4, 0.5 என்று தொடங்கி 1 வரை. எந்த மதிப்பு என்று நெட்வொர்க் நடத்துபவர் தீர்மானிப்பார். டவர் அதை எல்லாப் போன்களுக்கும் அறிவிக்கும்.

ஆல்பா 1 என்றால் வழியில் தொலைந்ததை முழுசா ஈடுகட்டு என்று அர்த்தம். 0.8 என்றால் எண்பது சதவீதம்தான் ஈடுகட்டு. மீதி உன் தலைவிதி.

ஒரு உதாரணம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வழியிழப்பு 90 டிபி. மலைச் சரிவில் இருப்பவருக்கு 120 டிபி. முதலில் ஆல்பா 1, அடிப்படை அளவு மைனஸ் 103 என்று வைப்போம். பக்கத்துக்காரர் ஒரு துண்டுக்கு மைனஸ் 13 டிபிஎம்மில் பேசுவார், அதாவது 0.05 மில்லிவாட். சரிவுக்காரர் 17 டிபிஎம், 50 மில்லிவாட். டவருக்கு இருவரும் சமமாகக் கேட்பாங்க.

இப்போ ஆல்பாவை 0.8 ஆக்கி, அடிப்படை அளவை மைனஸ் 85 என்று மாற்றுவோம். பக்கத்துக்காரருக்கு ஒரு மாற்றமும் இல்ல, அதே மைனஸ் 13. சரிவுக்காரர் 11 டிபிஎம்மோட நிறுத்திக்கணும், சுமார் 12.6 மில்லிவாட். அவர் குரல் டவரில் 6 டிபி குறைவாக, நாலில் ஒரு பங்காகக் கேட்கும். வேகம் குறையும்.

இது ஏதோ அநியாயம் மாதிரித் தெரியும். நகரத்தில் இதற்கு நல்ல காரணம் இருக்கு. ஒரு டவரின் ஓரத்தில் இருப்பவர் பக்கத்து டவருக்கும் அருகில் இருப்பார். அவர் கத்தினா அந்த டவரின் மக்களுக்கு இரைச்சல். ஓரத்துக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா மொத்தத்தில் எல்லாருக்குமான வேகம் கூடும். சரிதான். ஆனா முகடுகளுக்கு நடுவில் தனியா நிற்கிற ஒரு மலை டவருக்கு, அப்படி இரைச்சலால் பாதிக்கப்படும் பக்கத்து டவர் எங்கே? இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒருத்தரை மெதுவாப் பேசச் சொல்வதில் யாருக்கும் லாபம் இல்ல. நகரத்துக்குப் பொருத்தமான எண்ணை அப்படியே மலைக்கும் வெச்சா, நஷ்டப்படுவது சரிவில் இருக்கும் அந்த ஒருத்தர்தான். சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு 'டிஃபால்ட்' மதிப்புகள் மேல எப்பவும் ஒரு கண் உண்டு. யாருடைய ஊரை மனசில் வெச்சு அந்த டிஃபால்ட் எழுதப்பட்டது என்று கேட்கணும்.

ஆல்பாவை 1 ஆக்கிட்டா எல்லாம் சரியாகிடுமா? ஆகாது. வழியிழப்பு இன்னும் 10, 15 டிபி கூடினா போன் 23 டிபிஎம் கூரையில் முட்டிடும். அதுக்கப்புறம் ஒரே வழி, அந்த 200 மில்லிவாட்டைக் குறைந்த இடத்தில் குவிப்பது. 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையில் 50 துண்டுகள் உண்டு. ஆற்றலை ஐம்பதிலும் பரப்பாம ஒரே துண்டில் கொட்டினா, அந்தத் துண்டில் 50 மடங்கு, 17 டிபி லாபம். நீங்க பார்த்திருப்பீங்க: மலையில் வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், போட்டோ சுத்திக்கிட்டே நிற்கும். எழுத்துக்கு ஒரு துண்டு போதும்.

உயரத்தில் நின்னா நல்லா எடுக்குமா?

இதற்கு நேர் எதிரான ஒரு வேடிக்கை, சீக்குப்பாறை மாதிரி காட்சி முனைகளில் நடக்கும். சமவெளியில் இருந்து 1000 மீட்டர் மேலே நின்னா, கணக்குப்படி அடிவானம் 110 கிலோமீட்டருக்கு அப்பால். கீழே கண்ணுக்குத் தெரிகிற ஊர்களின் டவர்கள் பலவும் தடையில்லாத நேர்க்கோட்டில் இருக்கும். சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், வேகம் மட்டும் வராது. ஏன்னா பத்து டவர் ஒரே நேரத்தில் காதில் கத்துது, யாரும் தெளிவா இல்ல. போதாக்குறைக்கு டவர் ஆன்டெனாக்கள் தரையைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும். மேலே கசிவதுதான் நமக்கு வரும்.

நாம திரும்பப் பேசும்போது அந்தப் பத்து டவருக்கும் நம்ம குரல் இரைச்சலாப் போய்ச் சேரும். இதே பிரச்சினை டிரோன்களுக்கும் உண்டு. அதனால் 4ஜி, 5ஜி தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு தன் 15ஆம் வெளியீட்டில், பறக்கும் கருவிகளுக்குத் தனி ஆல்பா கொடுக்க வழி செய்தது. டிரோனுக்குத் தனி எண் கொடுக்க முடியும் என்றால், சரிவில் இருக்கும் ஊரின் டவருக்கும் யோசிச்சு ஒரு எண் வைக்கலாம் இல்லையா?

"எங்க ஊருக்குள்ள டவர் வேண்டாம்"

இதை நிறைய ஊர்களில் கேட்டிருப்பீங்க. பயத்தைக் கேலி செய்யாம, கணக்கை மட்டும் பார்ப்போம்.

இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல், டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு சர்வதேச அமைப்பான ஐசிஎன்ஐஆர்பி சொல்வதில் பத்தில் ஒரு பங்காக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஒரு டவர் 20 வாட் அனுப்புது, ஆன்டெனா அதை ஒரு திசையில் 50 மடங்கு குவிக்குதுன்னு வைப்போம். அந்தக் கற்றைக்கு நேராக 100 மீட்டரில் நின்னா சதுர மீட்டருக்கு சுமார் 0.008 வாட் வரும். வரம்பில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே கம்பத்தில் பல கம்பெனிகள் இருந்தா அதற்கேற்பக் கூட்டிக்கணும்.

காதில் ஒட்டி வெச்சிருக்கும் போனின் ஆற்றல் சின்னது, ஆனா தூரம் மில்லிமீட்டர் கணக்கில். அந்த ஆற்றலை முடிவு செய்வது டவர் எவ்வளவு தள்ளி இருக்கு என்பதுதான். சுவீடனில் ஜிஎஸ்எம் காலத்தில் ஓர் ஆய்வு செய்தாங்க, 2004ல் வெளியானது. கிராமப்புறத்தில் போன்கள் பேசும் நேரத்தில் சுமார் பாதி நேரம் உச்ச ஆற்றலில் இருந்தன. நகரத்தில் அது கால்வாசி நேரம்தான். மிகக் குறைந்த ஆற்றலில் இருந்தது கிராமத்தில் 3 சதவீத நேரம், நகரத்தில் 22 சதவீதம். டவரை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டா, கத்துகிற வேலை தலைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவிக்கு வந்து சேருது. கதிர்வீச்சைக் குறைக்கணும் என்பதுதான் நோக்கமென்றால், டவரைத் துரத்துவது அதற்கு நேர் எதிரான வழி. (போனுக்கும் நம்ம நாட்டில் வரம்பு உண்டு: உடல் திசுவில் கிலோவுக்கு 1.6 வாட்.)

தேனி மலையடிவாரப் பாடம்

தமிழ்நாட்டிலேயே இந்தக் கணக்கை வேற விதத்தில் போட்டுப் பார்த்த இடம் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டயர் ஆய்வுக் குழுவோட சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளையும் திசை ஆன்டெனாக்களையும் வெச்சே பல கிலோமீட்டர் தொலைவில் இருந்த கிராமக் கண் மையங்களை இணைச்சது. மையத்தில் இருக்கும் நோயாளி, மருத்துவமனையில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். அங்கே வந்த சிக்கலும் நம்ம 'பக்கம்-தூரம்' பிரச்சினையின் உறவுக்காரர்தான். ஒரே கம்பத்தில் ரெண்டு மூணு ஆன்டெனா. ஒண்ணு அனுப்பும்போது பக்கத்து ஆன்டெனா தூரத்தில் இருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்க முயன்றா, காது அடைச்சுப் போகும். தீர்வு, நேரத்தைப் பிரிப்பது. கம்பத்தில் இருக்கும் எல்லாரும் ஒண்ணாப் பேசு, ஒண்ணாக் கேளு.

இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ஐஐடி மெட்ராஸில் படித்த பி. ஆர். குமார், 2000ல் பியூஷ் குப்தாவோட சேர்ந்து, கம்பியில்லா வலையமைப்பில் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு எப்படித் தேயும் என்று கணக்கிட்டார். போனுக்குப் போன் கைமாற்றிச் செய்தி அனுப்பும் வலையில், வலை அறுந்துபோகாத அளவுக்கு எவ்வளவு மெதுவாப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாப் பேசுவது நல்லது என்பது அந்த வழியில் பிறகு வந்த ஆய்வுகளின் சாரம். தூரத்துக்குக் கத்துவதைவிட, பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லிக் கைமாற்றுவது ஊருக்கே லாபம்.

கையோட எடுத்துட்டுப் போக

மலையேறப் போறவங்களுக்கும் அங்கேயே இருக்கிறவங்களுக்கும் சில விஷயங்கள்.

டவரே இல்லாத இடம் என்று தெரிஞ்சா ஏரோபிளேன் மோடில் போடுங்க. தேடுவதும் மிச்சம், கத்துவதும் மிச்சம்.

பேச முடியலைன்னா எழுத்தில் அனுப்புங்க. மேலே சொன்ன 17 டிபி கணக்கு உங்களுக்காகவே இருக்கு.

இடம் மாறும்போது உயரத்தை மட்டும் தேடாதீங்க. டவர் இருக்கும் திசையில் முகட்டின் நிழலை விட்டு வெளியே வாங்க. மலையில் ஒரு டீக்கடைக்காரர் தன் போனை எப்பவும் ஜன்னல் கம்பியில் ஒரே இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "இங்க மட்டும்தாண்ணே எடுக்கும்" என்றார். பத்து அடியில் 10 டிபி மாறும் என்பதை அவர் எந்தக் கருவியும் இல்லாமக் கண்டுபிடிச்சிருக்கார். அப்படி இடத்தில் போனை வெச்சுட்டு இயர்போனில் பேசினா, போன் குறைவாகக் கத்தும், தலைக்கும் தூரமாச்சு.

கடைசியா, ஊர்க்கூட்டத்தில், மனு எழுதும்போது, "எங்க ஊரில் சிக்னல் இல்ல" என்று மட்டும் எழுதாதீங்க. "சிக்னல் தெரியுது, ஆனா எங்க போனில் இருந்து கால் போகலை, போட்டோ ஏறலை" என்று எந்த இடம், எந்த நேரம் என்பதோட எழுதுங்க. முதல் புகாருக்கு வரைபடத்தைக் காட்டி "கவரேஜ் இருக்கே" என்று பதில் சொல்லிடலாம். இரண்டாவது புகாருக்கு, யாராவது உட்கார்ந்து அந்த டவரின் எண்களைத் திறந்து பார்த்தாகணும்.